ஒன்பது அங்குல வாய்க்கால்

2024 ஆகஸ்ட் 12, திங்கள்

பின்வீட்டு மயிலா இன்று நான்கு மணி ஏழு நிமிடத்துக்கு வந்தாள். சுவர்க் கடிகாரத்தைக் காட்டினேன்.

"ஏழு நிமிசத்துல வெள்ளாமையா காஞ்சு போச்சு?" என்றாள்.

வெள்ளாமை காயவில்லை, காபி ஆறிவிட்டது என்றேன். ஆறியதையே கொடுத்தேன். குடித்துவிட்டு, "ஏனக்கா, நீங்க படிச்ச கான்வென்ட்டுல காபிக்கும் பிரம்படி உண்டுங்களா?" என்று கேட்டாள். உண்டு என்றேன்.

கண்ணாடி போட்டும் அவளுக்குப் பொடி எழுத்து தெரியாது. பேப்பர் நான்தான் வாசிக்க வேண்டும். தலையங்கம் என்றால் கொட்டாவி. கொலைச் செய்தி என்றால் நாற்காலியை முன்னால் இழுத்துக்கொள்வாள். இன்று ஆத்தூர்ப் பக்கம் அண்ணன் தம்பிச் சண்டை. "சம்பந்தகாரன்தான் தூண்டி உட்டிருப்பான்" என்று தீர்ப்புச் சொல்லிவிட்டுச் சந்து வழியாகப் போனாள். போலீசுக்கு இன்னும் துப்புக் கிடைக்கவில்லை.

ஆகஸ்ட் 14

பிற்பகல் மழை. மழை அளக்க முற்றத்தில் வைத்த நேர்ச்சுவர் டம்ளரில் ஒன்றேகால் அங்குலம். மயிலா குடையோடு வந்தாள், 3.58.

ஆகஸ்ட் 16, வெள்ளி

மயிலா விழுந்துவிட்டாள்.

பின்பக்கச் சந்தில். என் ஓட்டிலிருந்து தண்ணீர் விழும் கோட்டில் பாசி பிடித்திருக்கிறது, அதில் கால் வைத்துவிட்டாள். சத்தம் கேட்டுக் கதவைத் திறந்தேன். உட்கார்ந்தபடியே கேட்டாள்: "மணி நாலு ஆயிருச்சுங்களாக்கா?"

இடது மணிக்கட்டில் கட்டு. ஆறு வாரம்.

சாயங்காலம் அவள் வீட்டுக்காரர் சென்னியப்பன் சந்தில் நின்று குரல் கொடுத்தார். எனக்குக் கொழுந்தனார், அதாவது என் வீட்டுக்காரரின் சித்தப்பா மகன். எழுபது வயதிலும் குரல் குறையவில்லை. அண்ணியான என்னை நங்கையா என்றுதான் கூப்பிடுவார். "நங்கையா, இனி இவ இந்தச் சந்துல கால் வெக்க மாட்டாளுங்க. பேப்பர் படிக்கோணும்னா நீங்க நம்மூட்டுக்கு வாங்க."

நான் போக மாட்டேன் என்று அவருக்குத் தெரியும். என் வீட்டுக்காரர் கருமாதி முடிந்த மறுநாள் காலையில் டேப் பிடித்துச் சந்தை அளந்தவர் அவர். அன்றிலிருந்து பதினோரு வருடமாக நான் அந்த வீட்டில் கால் வைத்ததில்லை.

ஆகஸ்ட் 17

தூக்கம் சரியில்லை. யோசித்து எழுதுகிறேன்.

சந்து மூன்றடி. என் சுவரிலிருந்து பதினெட்டு அங்குலத்தில் தரையில் ஒரு பள்ளக்கோடு. அறுபது வருடமாக இறவாரத் தண்ணீர் விழுந்து தோண்டிய கோடு. பத்திரத்தில் மாமனார் எழுதி வாங்கியிருப்பது: 'இறவாரத் தண்ணீர் விழும் இடம் வரை'. கோடு வரை என் மண். கோட்டுக்கு அப்பால் சென்னியப்பன் மண்.

ஓட்டு விளிம்பில் தகர வாய்க்கால் மாட்டித் தண்ணீரைக் குழாய்க்குத் திருப்பலாம். பாசி காயும். மயிலா வரலாம். ஆனால் சொட்டு நின்றுபோனால் பாத்தியதையும் போய்விடும் என்பது இந்த ஊர்ப் பேச்சு. சட்டம் என்ன சொல்கிறதோ தெரியாது. சென்னியப்பன் சட்டத்தைக் கேட்டா சுவர் வைப்பார்?

என் வீட்டுக்காரர் கடைசியாக என்னிடம் பேசியது மாத்திரையைப் பற்றி. அதற்கு முந்தைய பேச்சு, "அந்தச் சொட்ட மட்டும் உட்றாத வசந்தா."

ஆகஸ்ட் 19

நான்கு மணிக்குக் கை பழக்கத்தில் இரண்டு டம்ளர் காபி போட்டுவிட்டேன். இரண்டையும் நானே குடித்தேன்.

ஆகஸ்ட் 22

ஒரு வழி கண்டுபிடித்தேன். நான்கு மணிக்குச் சமையலறை ஜன்னலைத் திறந்து, கொலைச் செய்தியைப் பள்ளியில் ஜெபம் வாசிப்பது போல உரக்க வாசித்தேன். எதிர் ஜன்னலில் மயிலா. சேலத்தில் ஒரு நகைக்கடைத் திருட்டையும் சேர்த்து வாசித்தேன். மடித்து வைக்கும்போது மயிலாவுக்குப் பின்னாலிருந்து வேறொரு குரல்.

"அப்பறம் அவன் புடிபட்டானுங்களா?"

சென்னியப்பன். நாளை பேப்பரில் வரும் என்று சொல்லி ஜன்னலைச் சாத்தினேன். பேப்பரில் இன்றைக்கே இருந்தது.

ஆகஸ்ட் 25, ஞாயிறு

தொண்டை கட்டிவிட்டது. எழுபத்து மூன்று வயதில் தினமும் கத்தி வாசிக்க முடியாது.

கோவையிலிருந்து சபரி போனில்: "அம்மா, மழைத்தண்ணிக்கு அஞ்சு இஞ்ச்ல பிளாஸ்டிக் கட்டர் வருதுங்க. ஆர்டர் போட்டா ரெண்டு பேர் வந்து மாட்டிட்டுப் போயிருவாங்க. இதுக்கு எதுக்குங்க இவ்வளவு யோசனை?"

பெற்ற பிள்ளை. அவனுக்கு எல்லை என்றால் கைப்பேசியில் வரும் வரைபடம்.

பொறு. மாட்டினால் சொட்டு நிற்கும். ஆனால் தகரமே கோடு வரை நீண்டு நின்றால்? தண்ணீர் இல்லாவிட்டாலும் தகரம் சாட்சி சொல்லுமே.

எழுந்து போய் அளவுகோல் எடுத்து வந்தேன்.

ஆகஸ்ட் 28

கணக்கு. பின்சாய்வு முப்பத்திரண்டடி நீளம், பன்னிரண்டடி அகலம். ஒரு மணி நேரத்தில் இரண்டு அங்குலம் கொட்டினால் (இங்கே அதுவே பெரிய மழை) நிமிடத்துக்கு முப்பது லிட்டர், இரண்டு குடம். இதற்கு ஆறு அங்குல அகலம் தாராளம். ஐந்தே போதும்.

இது மழைக்கான கணக்கு.

ஓடு சுவரிலிருந்து பதினோரு அங்குலம் நீண்டிருக்கிறது. தண்ணீர் வேகத்தில் எகிறித்தான் பதினெட்டில் விழுகிறது. ஓடு தகரத்துக்குள் இரண்டு அங்குலம் நீள வேண்டும். ஆகவே தகரத்தின் வெளி விளிம்பு கோட்டின் மேல் நிற்க அகலம் ஒன்பது.

இது எனக்கான கணக்கு. எங்கள் கான்வென்ட் மதர் கிளாரா இருந்தால் இரண்டுக்கும் மதிப்பெண் போட்டிருப்பார். நன்னடத்தையில் குறைத்திருப்பார்.

செப்டம்பர் 3

முருகானந்தம் வந்தார். சங்ககிரியில் லாரி பாடி கட்டுகிற பட்டறைக்காரர். தகரம் வளைப்பதில் அவரைப்போல் ஆள் இல்லை என்றார்கள். கட்டர் மாட்டுவது இதுவே முதல் முறை என்பதை டீ குடித்தபின் சொன்னார்.

"ஒம்போது இஞ்சுங்களா? அது கட்டர் இல்லீங்கம்மா, மாட்டுத் தொட்டி."

"மழை மாறிவிட்டது. பேப்பர் படிப்பதில்லையா?"

"அது சரிங்க. பெயின்ட் என்ன கலருங்க? பார்டர், தாமரை எல்லாம் நம்ம பெயின்டர் நல்லா போடுவாருங்க."

தாமரை வேண்டாம், பழுப்பு போதும் என்றேன். பிறகு, என்ன தோன்றியதோ, வெளிமுகத்தில் லாரிக்குப் பின்னால் எழுதுவது போல இரண்டு சொல் எழுதச் சொன்னேன்: இடைவெளி விடவும். மஞ்சளில். சென்னியப்பன் பின்வாசலைத் திறந்ததும் தெரிகிற மாதிரி.

செப்டம்பர் 5

சேதி போய்விட்டது. சந்தில் நின்றுகொண்டு சென்னியப்பன் கேட்டார்: "ஏனுங்க நங்கையா, ஒம்போது இஞ்சு மழைக்குங்களா, எனக்குங்களா?"

"நிமிடத்துக்கு முப்பது லிட்டர்" என்றேன்.

"அப்ப எனக்குத்தானுங்க" என்று சிரித்துக்கொண்டே போனார்.

ஜன்னலில் மயிலா சிரிப்பை அடக்கினாள். ஒற்றைக் கையால் வாயைப் பொத்தினாள். மற்றக் கையில் கட்டு.

செப்டம்பர் 14

மாட்டியாகிவிட்டது. முருகானந்தம் ஒரு முனையைக் கொஞ்சம் இறக்கப் பார்த்தார். "தண்ணி ஓட வாட்டம் வேணுமாட்ட இருக்குதுங்கம்மா." என் வீட்டில் கோணல் கோடு கிடையாது என்றேன். அவருக்கும் உள்ளூரச் சந்தோஷம். லாரிப் பாடியில் ஒரு நூல் சாய்ந்தாலும் அவருக்குப் பிடிக்காதாம். ரசமட்டம் வைத்துப் பார்த்தோம். குமிழி நட்டநடுவில் நின்றது. முப்பத்திரண்டடியும் அடிக்கோல் போட்டு இழுத்த கோடு.

மயிலா எழுத்துக்கூட்டி வாசித்தாள். பெரிய எழுத்து அவளுக்குத் தெரியும். "இடை… வெளி… விடவும். யாருக்குக்கா?"

"பொதுவாக."

சென்னியப்பன் மூன்று முறை வாசித்தார். மழை ஒன்று பார்த்த பிறகுதான் மயிலாவை அனுப்புவாராம்.

செப்டம்பர் 20

மழை இல்லை.

செப்டம்பர் 24

மழை இல்லை. டம்ளரில் எறும்பு.

செப்டம்பர் 27, வெள்ளி

மூன்று மணிக்குப் போதமலைப் பக்கம் கருத்தது. மூன்றரைக்குக் கொட்டியது. ஜன்னலில் நான். எதிர் ஜன்னலில் மயிலா. சந்தில் குடைக்குள் சென்னியப்பன், கையில் டேப். கோடு நனைகிறதா என்று குனிந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

கோடு நனையவில்லை. குழாயிலும் நூலாகத்தான் வந்தது. அதை நான் கவனித்திருக்க வேண்டும். மட்டமாக நின்ற தகரம் கனத்தில் நடுவில் தொய்ந்தால் தண்ணீர் குழாய்க்கு எப்படிப் போகும்? பூகோளத்தில் ஆறும் குளமும் படித்தவள், இதைப் படிக்கவில்லை. நிமிடத்துக்கு இரண்டு குடம், அரை மணி நேரம். முருகானந்தம் சொன்ன மாட்டுத் தொட்டி வாய் வரை நிறைந்துவிட்டது.

நடுக் கொக்கி கழன்றது. தகரம் கவிழ்ந்தது.

குடை மடங்கிப்போனது. ஆள் நின்றார். டேப்பை விடவில்லை.

பின்கதவைத் திறந்தேன். துண்டை நீட்டினேன். மீசையிலிருந்து தண்ணீர் ஒழுக, நிதானமாகச் சொன்னார்: "நீங்க வந்த நாள்லருந்து சொட்டுச் சொட்டா உட்டீங்க நங்கையா. இன்னைக்கு மொத்தமா உட்டுட்டீங்க."

எதிர் ஜன்னலில் மயிலா சத்தமாகவே சிரித்துவிட்டாள். எனக்கும் வந்துவிட்டது. கதவைச் சாத்திக்கொண்டு சிரித்தேன். ஒரு மூத்தவள் செய்கிற காரியமா? இல்லை. ஆனால் சிரித்தேன்.

செப்டம்பர் 28

காலையில் சந்தில் சென்னியப்பனைப் பார்த்து, காய்ச்சல் இருக்கிறதா என்று கேட்டேன். இல்லையாம். பிறகு சொன்னேன். எழுதி வைத்துக்கொண்டு போனதால் சுலபமாக இருந்தது.

"தப்பு முருகானந்தத்துடையது இல்லை. ரசமட்டம் வைத்தது நான்."

சென்னியப்பன் ஒன்றும் கேலி செய்யவில்லை. அதுதான் தாங்கவில்லை. "வாய்க்காலுக்கு வாட்டம் வேணுமுங்க. அந்தக் கோடிக்கு ரெண்டு இஞ்சு எறக்குனாப் போதும்" என்றார். பிறகு, "மழைக்கு ஆறு இஞ்சு பத்தாதுங்களா?" என்றார்.

பத்தும் என்றேன். வாய் திறந்து சொல்லியாகிவிட்டது. மூன்று அங்குலம் போயிற்று.

என்னங்க, கோபமா? நீங்கள் இருந்திருந்தால் நேற்று நீங்களும் சிரித்திருப்பீர்கள்.

அக்டோபர் 6, ஞாயிறு

முருகானந்தம் தகரத்தை எடுத்துப்போய் ஆறு அங்குலமாக மடக்கிக் கொண்டுவந்தார். புதிதாக வெட்டவில்லை. மிச்சத்தை வெளிமுகத்திலிருந்து உள்பக்கமாக மடித்துவிட்டார். அதனால் மஞ்சள் எழுத்து முழுவதும் உள்ளே போய்விட்டது. இனி 'இடைவெளி விடவும்' என்பதை மழை மட்டும்தான் வாசிக்கும்.

வாட்டம் பார்த்தது சென்னியப்பன். ரசமட்டத்தை வாங்கி ஓரமாக வைத்துவிட்டு, ஒரு எலுமிச்சம்பழத்தைத் தகரத்தின் மேல் கோடியில் விட்டார். உருண்டது. பாதி வழியில் நின்றது. கொக்கியைத் தட்டினார், மறுபடி விட்டார். நான் கீழ்க் கோடியில் முந்தானையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். ஐந்தாவது முறை பழம் நிற்காமல் வந்து விழுந்தது.

கோணலாகத்தான் இருக்கிறது. பார்க்கக் கண் கூசுகிறது. பழகிக்கொள்ள வேண்டும்.

அக்டோபர் 10

நேற்று மாலை நல்ல மழை, ஒன்றரை அங்குலம். குழாய் மடமடவென்று ஊற்றியது. கோடு காய்ந்தே இருந்தது. பார்க்க ஒரு மாதிரி இருந்தது. அறுபது வருடத்தில் முதல் தடவை.

அக்டோபர் 14, திங்கள்

காலையில் சந்தில் சத்தம். சுவர் வைக்க வந்துவிட்டார் என்று நினைத்து, பத்திரத்தை எடுத்துக்கொண்டே வெளியே போனேன்.

சுவர் இல்லை. பழைய களத்துக் கல் பலகை பதினாறு. என் சுவரிலிருந்து அவர் சுவர் வரை, குறுக்காக ஒவ்வொன்றாகப் பதித்துக்கொண்டிருந்தார்.

"கோடு மறைந்துவிடுமே" என்றேன்.

"ஆமாங்க. எனக்கும் மறைஞ்சுரும்ல" என்றார்.

கல்லில் ஒரு தட்டுத் தட்டிவிட்டு என் கையைப் பார்த்தார். "பத்திரத்த உள்ள வெச்சுட்டு வாங்க நங்கையா. இந்தக் கல்ல ஒரு கை புடிக்கோணும்."

வைத்துவிட்டு வந்தேன்.

அக்டோபர் 15

மயிலாவின் கட்டுப் பிரித்து இரண்டு வாரம் ஆகிறது. ஆனால் சளி, ஜுரம். வெளியே வரக்கூடாதாம். பேப்பரில் நகைக்கடைத் திருடனுக்குத் தண்டனை. அவளுக்குச் சொல்லியாக வேண்டும்.

கல் நன்றாகக் காய்ந்திருந்தது. பதினாறு கல். வழியில் நின்று அண்ணாந்து தகரத்தைப் பார்த்தேன், அதனால் கொஞ்சம் தாமதம்.

நான்கு மணி ஏழு நிமிடத்துக்கு அவர்கள் பின்வாசலில் செருப்பைக் கழற்றினேன். கட்டிலில் படுத்திருந்த மயிலா சுவர்க் கடிகாரத்தைக் காட்டினாள்.