கீழிருந்து வரும் சைகை

மார்ச் 3, செவ்வாய்

இன்று மருந்துக்கடைப் பலகையை நானே படித்தேன். முழுதாக. அதற்குள் பஸ் போய்விட்டது. போகட்டும். இத்தனை வருஷமாக இந்தத் தெரு வாய் ஓயாமல் பேசிக்கொண்டுதான் இருந்திருக்கிறது. எனக்குத்தான் காது கேட்கவில்லை.

மார்ச் 4, புதன்

தினமும் ஒரு வரியாவது எழுத வேண்டும். மனைவியின் உத்தரவு. எனக்கு எழுத்துச் சொல்லிக்கொடுத்த வாத்தியார் அவள்தான். நான் ஓய்வு பெற்ற மறுவாரமே பேனாவைக் கையில் திணித்துவிட்டாள். "சும்மா உட்கார்ந்து என் சமையலுக்குக் குத்தம் சொல்றதுக்கு, இதை எழுதுங்க."

மார்ச் 6, வெள்ளி

பேனாவைத் தாளுக்கு மேலே பிடித்தபடி வெகுநேரம் இருந்தேன். "என்னங்க, மை காஞ்சிடப் போவுது" என்றாள். அப்போதுதான் உறைத்தது. துறைமுகத்தில் கிரேன் ஓட்டிய காலமெல்லாம், கீழே நிற்பவர் கை காட்டாமல் நான் எதையும் இறக்கியதே இல்லை. இப்போதும் கைக்குக் காத்திருக்கிறேன்.

மார்ச் 8, ஞாயிறு

எனக்குக் கை காட்டியவரைப் பார்க்கப் போனேன். வேலையிடத்தில் எல்லோரும் அவரை 'விரல்' என்றுதான் கூப்பிடுவோம். பக்கவாதம். பேச்சும் போய்விட்டது, வலது கையும் போய்விட்டது. யார் வந்தாலும் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொள்கிறாராம். சாப்பாட்டையும் ஒதுக்குகிறாராம். இப்படியே போனால் ஆள் தேறமாட்டார் என்று டாக்டர் சொன்னதாக அவர் மகள் அழுதாள்.

எனக்கு அவரிடம் பேசிப் பழக்கமில்லை. நான் மேலே கண்ணாடிக் கூண்டில், அவர் கீழே. எல்லாம் கைப்பேச்சுதான். அதனால் பழைய ஞாபகத்தில் ஆள்காட்டி விரலை மேலே நீட்டிச் சுற்றினேன். 'தூக்கு.' சிரிப்பார் என்று நினைத்தேன். அவர் தன் வலது கையைப் பார்த்தார். கண்ணை மூடிக்கொண்டார்.

என்ன காரியம் பண்ணிட்டேன். இருக்கிற புண்ணுல... அறிவிருக்கா எனக்கு?

மார்ச் 9, திங்கள்

எழுதப் பிடிக்கவில்லை. (இதுவும் ஒரு வரிதான் என்கிறாள்.)

மார்ச் 11, புதன்

விரலின் மகள் போன் செய்தாள். செய்தித்தாளை விரித்துக் காட்டினால் மட்டும் அப்பாவின் கண் வரிகள் மேல் ஓடுகிறதாம்.

படிக்கிறார்! அப்படியென்றால் நான் எழுதலாமே.

மார்ச் 21, சனி

பத்து நாளாக ஒரே பக்கம். ஒரு மூடுபனிக் காலை பற்றி. கூண்டிலிருந்து பார்த்தால் கப்பலும் இல்லை, கரையும் இல்லை. ஒரு பெட்டி கொக்கியில் தொங்குகிறது. கீழே அவருடைய மஞ்சள் கையுறை மட்டும் மினுக்கென்று தெரிகிறது. அதுவரைக்கும் வந்திருக்கிறேன். கை வலிக்கிறது.

அந்தக் காலை என் தலைக்குள் மட்டும்தான் இருந்தது. இப்போது மேஜை மேல் கிடக்கிறது. கையால் மூடிப் பார்த்தேன். எடுத்தேன். அங்கேயேதான் இருக்கிறது. இதையெல்லாம் சின்னப் பிள்ளைகள்கூடச் செய்கிறார்களா? செய்துவிட்டு எப்படித் தூங்குகிறார்கள்?

மார்ச் 29, ஞாயிறு

முடியாத பக்கத்தோடு இன்று போனோம். மனைவி அவர் முகத்துக்கு நேராகத் தாளைப் பிடித்தாள். முதலில் சுவரைப் பார்த்தார். பிறகு தாளைப் பார்த்தார். யார் கையெழுத்து என்பதுபோல என்னைப் பார்த்தார். நான்தான் என்று தலையாட்டினேன். அவர் கண் மெல்ல ஓடத் தொடங்கியது. வரி வரியாக, நான் எழுதியது அவருக்குள் போவதைப் பார்த்துக்கொண்டே நின்றேன். எந்தச் சரக்கையும் நான் இத்தனை மெதுவாக இறக்கியதில்லை.

கடைசி வரி வந்தது. பெட்டி பனிக்குள் தொங்குகிறது, அதோடு பக்கம் முடிந்துவிட்டது. மனைவி தாளைத் திருப்பிக் காட்டினாள். பின்பக்கம் வெள்ளை.

போர்வைக்கு வெளியே அவருடைய இடது கை வந்தது. ஆள்காட்டி விரல் கீழ்நோக்கி நீண்டு, சின்னதாக ஒரு வட்டம் போட்டது. இன்னொரு வட்டம்.

"என்னவாங்க?" என்றாள் மனைவி.

"இறக்கச் சொல்றாரு."

மார்ச் 30, திங்கள்

காலையிலேயே உட்கார்ந்துவிட்டேன். பேனா காத்திருக்கவில்லை.