மார்த்தாவின் கூண்டுக் கதவு

அன்புள்ள வெஸ்லிக்கு அம்மா எழுதுவது.

இங்கே நான் நலம், முட்டி வலிகூடச் சற்று அடங்கியிருக்கிறது. நீ நலமா என்று இந்த முறை கேட்கப்போவதில்லை, ஊரில் உள்ளவர்களுக்கு என்னைப் பற்றிக் கடிதம் எழுத நேரம் கிடைக்கிறவன் நலமாகத்தான் இருப்பான். மருமகள் மோனிக்கையும் டெஸ்ஸாவையும் நான் விசாரித்ததாகச் சொல். டெஸ்ஸாவுக்கு இருமல் நிற்கவில்லையாமே, ஏசிக் காற்று நேரே படும்படி குழந்தையைப் படுக்க வைக்காதே, உங்கள் ஊர் வெயிலுக்கு அது வேண்டியிருக்கலாம், அதற்காக மார்பில் சளி கட்டும்வரை விடுவதா. இங்கே பனி இன்னும் விழவில்லை, ஏரி வாத்துகள் மட்டும் தெற்கே கிளம்பிவிட்டன.

போன மாதம் இரண்டாவது செவ்வாய்க்கிழமை, இயற்கை மையத்தில் எங்கள் நண்பர்கள் சங்கத்தின் வழக்கமான சொற்பொழிவு. வௌவால்களைப் பற்றிப் பேச ஒருவர் வந்திருந்தார். அவர் படம் போடும் இயந்திரத்தோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தபோது லேலண்ட் என்னைக் கோட்டு மாட்டும் மூலைக்குக் கூப்பிட்டார். உன் கடைவாய்ப் பல்லைப் பிடுங்கிய அதே லேலண்ட்தான், பல் வைத்தியத்தை விட்டுவிட்டு இப்போது சங்கத் தலைவராக இருக்கிறார். “ஆர்லீன், தப்பா எடுத்துக்காதீங்க, இனிமே மார்த்தாவ நம்ம சங்கத்து ஜோலீன் பாத்துக்கட்டும், நீங்க காப்பி மேசையப் பாத்துக்குங்க” என்றார். பதினோரு வருஷம் வெஸ்லி. கார் மோதி ஒரு சிறகு போன ஆந்தை மார்த்தாவை வேறு யாரும் தொடவே பயந்தபோது கையில் ஏந்தியவள் நான். அதற்குச் செத்த எலியை நறுக்கி ஊட்டியவள் நான், இந்த வட்டாரத்துப் பள்ளிக்கூடம் ஒன்று விடாமல் அதைக் கையில் வைத்துக்கொண்டு பேசியவளும் நான்தான். என்னைப் போய்க் காப்பி ஊற்றச் சொல்கிறார். ஏன் என்று கேட்டேன். சட்டைப் பையிலிருந்து மடித்த காகிதம் ஒன்றை எடுத்தார், நீ அனுப்பிய மின்னஞ்சலை அச்சடித்து வைத்திருந்தார். “பையன் உங்க நல்லதுக்குத்தானே எழுதியிருக்கான்” என்று சொல்லும்போது அவருக்காவது காது மடல் சிவந்தது.

அம்மா ஒரே கதையை மூன்று முறை சொல்கிறாள் என்று எழுதியிருக்கிறாய். சொன்னேன், மூன்று முறையும் நீ வேறு எதையோ தட்டிக்கொண்டு ம் ம் என்று மட்டும் சொன்னாய், அதனால் சொன்னேன். உன்னை அப்பா பேர் சொல்லிக் கூப்பிடுகிறேன் என்றும் எழுதியிருக்கிறாய், தொலைபேசியில் உன் குரல் அப்படியே அவருடையது, அதற்கு நான் என்ன செய்ய. ஆனால் கடைசி வரி இருக்கிறதே, அதை மட்டும் இரண்டு தரம் படித்தேன். கூண்டைத் தாழிட மறந்துவிட்டாள், ஆந்தை வெளியே போய்விட்டது என்று எழுதியிருந்தாய். உண்மைதான். ஜூன் மாதம் தாழ்ப்பாளைப் போடாமல் வந்துவிட்டேன். பறக்க முடியாத அந்தப் பறவை நடந்தே வண்டி நிறுத்தும் இடம்வரை போய்ப் பள்ளிப் பேருந்தின் சக்கரத்துக்குப் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தது. ஓட்டுநர் உள்ளே தண்ணீர் குடிக்கப் போயிருந்ததால் பிழைத்தது. தூக்கிக் கொண்டுவந்து கூண்டில் விட்டேன். யாரும் பார்க்கவில்லை. நெஞ்சு தாங்காமல் அந்த ஞாயிற்றுக்கிழமை உன் ஒருவனிடம் மட்டும் சொன்னேன். “பரவால்லம்மா, யாருக்கும் நடக்கறதுதானே” என்றாய். சொல்லிவிட்டு லேலண்டுக்கு எழுதினாய். என்னைத் திட்டியிருந்தால் வாங்கிக்கொண்டிருப்பேன். விட்டுவிடு அம்மா என்று என் முகத்துக்கு நேரே சொல்லியிருந்தால் இரண்டு நாள் சண்டை போட்டுவிட்டு நானே விட்டிருப்பேன், மார்த்தாவின் உயிரைவிட என் ரோஷம் பெரிதில்லை. இப்படி முதுகுக்குப் பின்னால் செய்ய உனக்கு யார் சொல்லிக் கொடுத்தது?

இந்த மாதக் கூட்டத்துக்கும் போனேன், போகாமல் இருப்பேன் என்று எல்லோரும் எதிர்பார்த்தார்கள், அதற்காகவே போனேன். காப்பி அண்டா பக்கத்தில்தான் நின்றேன். நாற்பது பேருக்கு முன்னால் ஜோலீன் கூண்டைத் திறந்தாள். உன்னிடம் மறைப்பானேன், மார்த்தா அவளைக் கொத்த வேண்டும், கையில் ஏறவே கூடாது என்று வேண்டிக்கொண்டேன். மிரளும்போது செய்வதுபோல் மார்த்தா அலகை இரண்டு தரம் தட்டியது. தலையைத் திருப்பி நான் நிற்கும் பக்கம் பார்த்தது. பிறகு ஜோலீன் கையில் ஏறிவிட்டது. அரை மணி நேரம் அசையாமல் உட்கார்ந்திருந்தது, ஜோலீன் அதை அவன் அவன் என்று சொல்லிக்கொண்டிருந்தபோதுகூட. நான் திருத்தவில்லை. எலுமிச்சைக் கேக்கை அடுக்கி வைத்துவிட்டுப் பாதியில் வீட்டுக்கு வந்து அழுதேன். ஓர் ஐந்து நிமிடமாவது எனக்காக அது அடம் பிடித்திருக்கலாம். மார்த்தாவை ஏந்தும் கையுறையை மட்டும் லேலண்ட் கேட்டும் நான் கொடுக்கவில்லை, அது உன் அப்பா தைத்தது.

இனி ஞாயிற்றுக்கிழமை நீ கூப்பிட்டால் எடுப்பேன், மழை பெய்ததா வெயிலடித்ததா என்று சொல்வேன். லேலண்டிடம் சொல்ல முடியாத எதையும் உன்னிடம் சொல்லமாட்டேன். கிறிஸ்துமஸுக்கு வருவதானால் டெஸ்ஸாவுக்குத் தடிமனான காலுறை எடுத்து வா, போன முறை மாதிரி மெல்லிசாக வேண்டாம். மூன்று பேரையும் கடவுள் நோய் நொடியில்லாமல் வைத்திருக்கட்டும். உன் மேல் எனக்கு இருக்கும் கோபம் உன் பிள்ளை மேல் இல்லை.

இப்படிக்கு,
உன் அம்மா
ஆர்லீன்

பி.கு. இதைத் தபாலில் போடக் கிளம்பியவள் பாதி வழியில் திரும்பி வந்து வாசல் கதவைப் பார்த்தேன். பூட்டித்தான் இருந்தது. மறுபடியும் ஒரு தரம் வந்து பார்த்தேன். இதையும் லேலண்டுக்கு எழுது.