‘முழுதாக’ என்ற என் சொல்

நவம்பர் 4, செவ்வாய்
ஈரப்பனி. ஹொல்ம்லியாவிலிருந்து நகருக்குப் போகும் ரயில் தாமதம்.

ஆஸ்பத்திரியில் மொழிபெயர்ப்பு, 9 மணி. க., பஸ் ஓட்டுநர், வயது 52. பரம்பரைக் கொழுப்பு நோய். அப்பா, அண்ணன் இருவருமே ஐம்பதுக்கு முன் மாரடைப்பில் போனவர்கள். மருந்துச் சோதனையில் சேர்கிறார். ஈரலில் கொழுப்பைக் கூட்டும் மரபணுவை அடக்கும் மருந்து. இந்த வகை பெரும்பாலும் ஊசி. இது விழுங்கும் குளிசை. வயிற்று அமிலம் தின்னாமலிருக்க மேலே ஓர் உறை.

"அப்ப மரபணுவின்ரை வாயைப் பொத்திற குளிசையோ?" என்றார் க. மொழிபெயர்த்தேன். தாதி சிரித்தாள்.

கடைசியாகத் தாதி: விழுங்க வேண்டும், ‘ஹெல்’, அதாவது உடையாத முழுசாய். நான்: "முழுதாக எடுக்கோணும்."

வீடு வந்தும் உறுத்தல். ‘மிச்சம் விடாமல்’ என்றல்லவா கேட்டிருக்கும்? ‘உடைக்காமல்’ என்று ஏன் சொல்லவில்லை? அவருக்குக் கொடுத்த தாளில் இருக்கிறதுதான். நோர்வேஜிய மொழியில்.

வாங்க: பால், பருப்பு, குளிர்காலச் சப்பாத்து.

நவம்பர் 13, வியாழன்
மூன்றரைக்கே இருட்டு. தமிழ்க் கடையில் க.வின் மனைவி, கடைக்காரரிடம்: "இவருக்குக் குளிசை விழுங்கேலாது. உடைச்சுத் தேனுக்கை கலந்து குடுக்கிறன். ஒரு துகளும் மிச்சம் விடுறேல்லை."

உடைத்தால் உறை போய்விடும். அந்த மனைவியிடம் போய்ச் சொல்லவா? ஆஸ்பத்திரியில் கேட்டதை வெளியே கதைக்கக் கூடாது. பருப்பை மறந்து வந்துவிட்டேன்.

தாதியின் எண்ணை மூன்று முறை அழுத்தி, மூன்று முறையும் வைத்துவிட்டேன். என் பிழை என்றால் வேலை என்னாவது?

நவம்பர் 18, செவ்வாய்
உறைபனி. பாதையெல்லாம் வழுக்கல்.

க.வின் ரத்தப் பரிசோதனை. டாக்டர்: மருந்து உடம்பில் சேரவே இல்லை. உங்கள் குடல் ஏற்கவில்லை போலும், நிறுத்த வேண்டிவரலாம்.

மொழிபெயர்த்தேன். க. முகம் செத்துப்போனது. "நீங்கள் சொன்னபடிதானே, முழுக்கக் குடிச்சனான்."

அதையும் மொழிபெயர்த்தேன். பிறகு, "மொழிபெயர்ப்பாளர் தன் சார்பில் ஒன்று சொல்ல வேண்டும்" என்றேன். அந்தச் சொல், கடை, அழைக்காமல் விட்டது, எல்லாம். க.வுக்கும் தமிழில் அதையே.

திட்டுவார் என்று நினைத்தேன். அவர் கேட்டது வேறு.

"அப்ப என்ரை உடம்பிலை பிழை இல்லையோ?"

"இல்லை அண்ணை. பிழை என்னிலைதான்."

க. தொடரலாமா என்று டாக்டர் மேலிடத்தில் கேட்க வேண்டுமாம். பதில் வெள்ளி.

நவம்பர் 21, வெள்ளி
வெயில். சாப்பிடவில்லை. மதியம் மொழிபெயர்ப்பு மேலாளர் அழைத்தாள். க. தொடரலாம், முதலிலிருந்து. இன்று காலை தாதி முன்னால் முதல் குளிசை. மொழிபெயர்க்க வேறு ஆள். க.வுக்கு இனியும் அப்படித்தான்.

"விழுங்கினாரா?" என்று கேட்டேன்.

அது இனி நான் அறிய வேண்டியதில்லை என்றாள்.