வளைகாப்புக்கு ஒன்பது ஒத்திகை

கடலூர் முதுநகர்,
3.8.2008, ஞாயிறு

அன்பு மகள் இலக்கியாவுக்கு,

அப்பா எழுதிக்கொள்வது. நானும் அம்மாவும் இங்கே சுகம், கார் மட்டும் ஒரு நாள் சுகம் ஒரு நாள் அசுகம். நாக்பூரில் நீயும் மாப்பிள்ளையும் வயிற்றில் இருக்கிறவரும் நன்றாக இருப்பதாக அம்மா சொல்லித்தான் எனக்குத் தெரிகிறது, ஏனென்றால் போன் வந்தால் அவள் முதலில் எடுத்துவிடுகிறாள், என் கைக்கு வரும்போது சாப்பிட்டியா என்று கேட்பதற்கு மட்டும்தான் பாக்கி இருக்கிறது. அதனால்தான் கடிதம். அதுவுமில்லாமல் இதில் எழுதப்போவதைப் போனில் சொன்னால் பக்கத்தில் நின்று உன் அம்மா சிரிப்பாள், எனக்குக் கோபம் வந்துவிடும். கால் வீங்குகிறது என்றாயாமே, தலையணை வைத்துக் காலைத் தூக்கிப் போட்டுப் படு. தண்ணீர் வாளியை மாப்பிள்ளை தூக்கட்டும், அவருக்குக் கை இல்லையா. கேழ்வரகு மாவு பார்சலில் அனுப்பியிருக்கிறோம், வந்ததும் சொல்.

முதல் விஷயம், நாள் குறித்தாகிவிட்டது. போன வாரம் உன் மாமியார் தில்லையம்மாள் சிதம்பரத்திலிருந்து ஆள் விட்டு அழைத்தார்கள், போய்ப் பேசிவிட்டு வந்தோம். ஆவணியில் ஒரு புதன்கிழமை வளைகாப்பு, அவர்கள் வீட்டிலேயே. நம் வீட்டிலிருந்து ஏழு வகை சாதம் செய்து எடுத்துப் போகிறோம். வளையல் அடுக்கி முடித்து, பன்னிரண்டுக்கு ராகுகாலம் பிறப்பதற்குள் நீ அந்த வாசலைத் தாண்டி நம் வீட்டுக்குக் கிளம்பிவிட வேண்டும். இதெல்லாம் எல்லோர் வீட்டிலும் உள்ளதுதான். ஆனால் உன் மாமியார் வீட்டில் இன்னொரு பழக்கம் இருக்கிறதாம், உனக்குத் தெரியுமோ என்னவோ. பிள்ளைத்தாய்ச்சி அவர்கள் வாசலில் எடுத்த கால் தாய்வீட்டு வாசலில்தான் படவேண்டுமாம், நடுவில் எங்கேயும் இறங்கி மண்ணில் கால் வைக்கக் கூடாதாம். அவருடைய மாமியார் காலத்திலிருந்து அப்படித்தானாம். இதைக் கேட்டதும் உன் அம்மா என்னைப் பார்த்தாள் பார், அந்தப் பார்வையை எழுத்தில் எழுத முடியாது. சிதம்பரத்துக்கும் முதுநகருக்கும் நாற்பது கிலோமீட்டர். நம் கார் நாற்பது கிலோமீட்டர் நிற்காமல் ஓடியதை விரல் விட்டு எண்ணிவிடலாம்.

இது நாள் குறிப்பதற்கு முன்னாலேயே நான் பயந்துகொண்டிருந்த விஷயம்தான். உன்னிடம் நான் சொன்னதில்லை, இப்போது சொல்கிறேன். உன் கல்யாணத்தன்று உன்னைப் புகுந்த வீட்டுக்கு அனுப்பக் கேட்டு வாங்கிய கார் யாரோ ஒருத்தருடையது, அந்த டிரைவர் இன்னொரு முகூர்த்தத்துக்குப் போகணும் என்று ஹாரன் அடித்துக்கொண்டே இருந்தான், உன் பெட்டியை வைத்தோமா இல்லையா என்றுகூடப் பார்க்கவிடவில்லை. அன்றைக்கே முடிவு பண்ணினேன், என் மகளை அடுத்து அழைத்து வரும்போது என் காரில், நான் ஓட்டித்தான் அழைத்து வருவேன் என்று. மறு வருஷம் ரிட்டையர் ஆனதும் இந்த வண்டியை வாங்கினேன். எண்பத்தொன்பதாம் வருஷத்து வண்டி, நான்காவது கை. வாங்காதீங்க சார் என்று மெக்கானிக் கொளஞ்சியப்பனே சொன்னான், கேட்டேனா. இப்போது அவன் பிள்ளைகள் நல்ல பள்ளிக்கூடத்தில் படிப்பது என் வண்டியால்தான் என்று உன் அம்மா வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்கிறாள்.

நீ ஏழாம் மாதம் வருகிறாய் என்று தெரிந்த உடனே ஒத்திகை ஆரம்பித்தேன். முப்பத்திரண்டு வருஷம் பி.டி. வாத்தியாராக இருந்தவன், ஸ்போர்ட்ஸ் டே அணிவகுப்புக்குப் பத்து ஒத்திகை பார்க்காமல் விட்டதில்லை, என் மகளை அழைத்து வருவதற்குப் பார்க்க மாட்டேனா. பழைய விசில் கயிற்றிலேயே ஸ்டாப் வாட்சை மாட்டிக்கொண்டேன். பின் சீட்டில் உன் எடைக்கு அரிசி மூட்டை வைக்கலாம் என்று பார்த்தேன், மூட்டைக்கு வாய் கிடையாது, குலுங்கினா சொல்லாது, நானே வரேன் என்று அம்மா ஏறிக்கொண்டாள். அவள் மடியில் ஒரு செம்பு நிறையத் தண்ணீர் வைத்தேன். தளும்பாமல் வீடு வந்து சேர்ந்தால் பிள்ளைத்தாய்ச்சியை ஏற்றலாம் என்பது என் கணக்கு. முதல் ஒத்திகையில் ஒரு சொட்டுக்கூடச் சிந்தவில்லை, ஏனென்றால் ஆலப்பாக்கத்தில் எஞ்சின் கொதித்து ஆவி அடித்தது, செம்புத் தண்ணீரை அப்படியே வாங்கி ரேடியேட்டரில் ஊற்றிவிட்டேன். இரண்டாம் தடவை ரயில்வே கேட்டைத் தாண்டும்போது சரியாகத் தண்டவாளத்து மேலே போய் நின்றது. அகலப்பாதை வேலைக்காக ரயிலை நிறுத்தி வைத்திருக்கிறார்களே, அந்தப் புண்ணியத்தில் உனக்கு இன்னும் அப்பாவும் அம்மாவும் இருக்கிறோம். மூன்றாம் தடவை கிளட்ச் கேபிள் அறுந்தது. நான்காம் தடவை பெரியப்பட்டு தாண்டி, உச்சி வெயிலில், ஒரு காரணமும் இல்லாமல் அணைந்துபோனது. கொளஞ்சியப்பனுக்குப் போன் போட்டால், பெட்ரோல் பம்ப் சூடாயிருக்கும் சார், ஈரத்துணி போட்டு ஆறவிடுங்க, அதுக்கும் வயசாவுதுல்ல என்கிறான். அன்றிலிருந்து அம்மாவின் பழைய நூல் புடவையைக் கிழித்து நாலு துண்டு டிக்கியில் வைத்திருக்கிறேன். கார் நெற்றியில் துணி போட்டுவிட்டு நாங்கள் இரண்டு பேரும் புளியமரத்தடியில் உட்கார்ந்திருப்பதைப் பார்த்து, யாருக்கு ஜுரம் என்று பஸ்ஸிலிருந்து ஒருத்தன் கத்திவிட்டுப் போனான்.

ஆனால் ஒன்று சொல்லவேண்டும் பாப்பா. நாங்கள் வருத்தமாக இருக்கிறோம் என்று நினைத்துக்கொள்ளாதே. புதுச்சத்திரத்தில் ஒரு டீக்கடை, அங்கே எங்களைப் பார்த்தால் சொல்லாமலேயே இரண்டு நாற்காலியை எடுத்து நிழலில் போடுகிறார்கள், வராத நாளில் சார் வண்டி நல்லா ஓடுது போலிருக்கே என்று கவலைப்படுகிறார்களாம். ஆலப்பாக்கத்தில் வேர்க்கடலை விற்கிற இருசம்மாளுக்கு முழங்கால் வலி, அம்மா தைலம் கொண்டுபோய்க் கொடுத்திருக்கிறாள், அந்தம்மா பதிலுக்கு ஒரு படி கடலை கொடுத்தாள், உனக்கு உருண்டை பிடிக்க எடுத்து வைத்திருக்கிறது. கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் நானும் உன் அம்மாவும் மட்டும் தனியாக எங்கே போயிருக்கிறோம். பள்ளிக்கூடம், டியூட்டி, உன் படிப்பு, யார் வீட்டிலாவது கல்யாணம் காது குத்து, அங்கேயும் அவள் ஒரு பக்கம் நான் ஒரு பக்கம். இப்போது வாரத்துக்கு ஒரு நாள் வண்டி எங்கே நிற்கிறதோ அங்கே உட்கார்ந்து பேசிக்கொண்டிருக்கிறோம். அவள் சின்ன வயதில் வாலிபால் ஆடினாள் என்பதே எனக்குப் போன மாதம்தான் தெரியும், ஒரு பி.டி. வாத்தியாருக்கு வாழ்க்கைப்பட்டு இத்தனை நாள் அதைச் சொல்லவில்லை என்றால் பார்த்துக்கொள். நீங்க எங்க கேட்டீங்க என்கிறாள். எனக்கு இந்த ரெண்டு மாதமும் சந்தோஷமாக இருந்தது, அதை மறைக்கவில்லை.

இனி ஒன்பதாவது ஒத்திகை. அதற்கு முந்தைய இரண்டு தடவையும் போக வர நிற்காமல் ஓடியது, தண்ணீர் அரை விரல்கூடக் குறையவில்லை. எனக்குத் தலைகால் புரியவில்லை. வியாழக்கிழமை போகும்போதும் நிற்காமலே சிதம்பரம் போய்ச் சேர்ந்தோம், அந்தத் திமிரில் நேரே சம்பந்தி வீட்டு வாசலிலேயே கொண்டுபோய் நிறுத்தினேன். பரங்கிப்பேட்டையில் ஒரு வீட்டில் துக்கம் விசாரிக்கப் போகவேண்டும், பஸ்ஸுக்குத்தான் கிளம்பிக்கொண்டிருக்கிறேன் என்றார்கள் உன் மாமியார். வழியில்தானே, வாங்க, வாங்க என்று நானே கதவைத் திறந்துவிட்டேன். உன் அம்மா கண் ஜாடை காட்டினாள், நான் பார்த்தும் பார்க்காதது மாதிரி இருந்தேன். வெள்ளாற்றுப் பாலம் இருக்கிறதல்லவா, அதன் நட்டநடுவில் கார் இரண்டு தடவை இருமிவிட்டு நின்றது. முன்னால் லாரி, பின்னால் லாரி, எல்லாரும் ஹாரன். உள்ளே சம்பந்தியம்மாள் உட்கார்ந்திருக்கிறார்கள், நான் பல்லைக் கடித்துக்கொண்டு சாவியைத் திருப்புகிறேன், செல்ஃப் எடுக்கவே மாட்டேன் என்கிறது. இந்த மனுஷனை நம்பியா மருமகளை அனுப்புவது என்று நினைப்பார்களே என்று எனக்குச் சட்டையெல்லாம் நனைந்துவிட்டது. என்ன நடந்தது தெரியுமா, பின்கதவு திறக்கிற சத்தம் கேட்டது, திரும்பினால் உன் மாமியார் சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு இறங்கி நிற்கிறார்கள். நீங்க ஸ்டீரிங்க புடிங்க அண்ணே, நாங்க ரெண்டு பேரும் தள்றோம் என்றார்கள். தள்ளினார்கள். பாலம் முடிகிற வரைக்கும் இரண்டு சம்பந்தியும் சிரித்துக்கொண்டே தள்ளினார்கள், இறக்கத்தில் வண்டி கிளம்பியது.

கரைக்கு வந்து மூச்சு வாங்கிக்கொண்டு நிற்கும்போது நான் மன்னிப்புக் கேட்டேன். அதற்கு அவர்கள் ஒரு விஷயம் சொன்னார்கள், நீ கேட்டதாகக் காட்டிக்கொள்ளாதே. மாப்பிள்ளை வயிற்றில் இருக்கும்போது அவர்களைத் தாய்வீட்டுக்கு அழைத்துப்போன பஸ் புவனகிரியில் நின்றுபோனதாம். எறங்கி ஒரு மைலு நடந்தேன் அண்ணே, செருப்பும் அந்துபோச்சி, வெறுங்காலு, எங்க மாமியாருக்குக் கடைசி வரைக்கும் சொல்லவே இல்ல, என் புள்ளைக்கு இன்னா கொறஞ்சி போச்சி, நீங்க ஒங்க கார்லயே தெகிரியமா கூட்டிக்கினு போங்க என்றார்கள். எனக்கு அழுகை வந்துவிட்டது இலக்கியா. இத்தனை நாள் எந்தப் பேச்சுக்குப் பயந்தேனோ அது வரவேயில்லை. உன்னை நல்ல இடத்தில்தான் கொடுத்திருக்கிறோம்.

அனுமதி கிடைத்துவிட்டது, நான் குதித்திருக்க வேண்டும். அன்று சாயந்திரம் வீட்டுக்கு வந்து நோட்டில் ஒன்பதாவது ஒத்திகையை எழுதிக்கொண்டிருந்தேன், எத்தனை நிமிஷம், எந்த இடத்தில் நின்றது, தண்ணீர் எவ்வளவு குறைந்தது. அம்மா தரையில் உட்கார்ந்து முட்டிக்குத் தைலம் தேய்த்துக்கொண்டிருந்தாள். எப்போதிருந்து வலி என்று கேட்டேன். நாலாவது தடவையிலேர்ந்து என்றாள். கோபமாகச் சொல்லவில்லை, சாதாரணமாகத்தான் சொன்னாள், ஒவ்வொரு தடவையும் தண்ணி தளும்புச்சான்னு கேட்டீங்க, பின்னாடி ஒருத்தி எப்படி வந்தான்னு ஒரு தடவை திரும்பிப் பாத்தீங்களா என்றாள். நோட்டைப் புரட்டிப் பார்த்தேன். ஒன்பது பக்கத்திலும் வண்டியைப் பற்றி இருக்கிறது, தண்ணீரைப் பற்றி இருக்கிறது, அவளைப் பற்றி ஒரு வரி இல்லை. வளைகாப்பன்று உன்னையும் இப்படித்தான் கொண்டுவந்திருப்பேன் என்று சுருக்கென்று பட்டது. வண்டி நின்றிருந்தால் நான் பானெட்டுக்குள் தலையை விட்டிருப்பேன், நீ வெயிலில் நின்றிருப்பாய். என் காரில் அழைத்து வரவேண்டும் என்பது என் ஆசை, உனக்கு அதில் என்ன இருக்கிறது.

வெள்ளிக்கிழமை காலையில் கார் ஸ்டாண்டுக்குப் போய் ராபர்ட்டின் புது வண்டியைச் சொல்லிவிட்டேன். நல்ல பையன், நாற்பதுக்கு மேல் போகக்கூடாது, ஹாரன் அடிக்கக்கூடாது என்று சொல்லியிருக்கிறேன். நீங்க ஓட்டலியா சார் என்று ஸ்டாண்டில் எல்லாரும் கேட்டார்கள், கொஞ்சம் வெட்கமாகத்தான் இருந்தது, பரவாயில்லை. நம் காரும் வருகிறது, சாதம் எடுத்துப்போன காலிப் பாத்திரங்களை ஏற்றிக்கொண்டு கொளஞ்சியப்பன் பின்னால் ஓட்டி வருவான், நின்றால் நின்றுகொள்ளட்டும். நீ இதற்காக வருத்தப்படாதே, உன் மாமியாரிடமும் நானே சொல்லிக்கொள்கிறேன்.

டாக்டர் சீட்டு, ஸ்கேன் எல்லாவற்றையும் மறக்காமல் ஒரே பையில் எடுத்து வா. அம்மா உனக்கு முத்தம் சொல்லச் சொன்னாள், மாப்பிள்ளை செந்தமிழ்செல்வனுக்கு எங்கள் ஆசி, நடராசர் கிருபையில் நீயும் பிள்ளையும் நோய்நொடி இல்லாமல் நீடூழி இருக்கவேண்டும். இன்னொன்று. நான் ஓட்டினால் நாற்பது கிலோமீட்டரும் என் கண் ரோட்டில்தான் இருக்கும். கல்யாணமாகி மூன்று வருஷத்தில் உன் முகத்தை ஒரு மணி நேரம் சேர்ந்தாற்போல் நான் பார்த்ததில்லை. அதனால் நானும் பின் சீட்டில்தான் வரப்போகிறேன், ஒரு பக்கம் அம்மா, ஒரு பக்கம் நான். ஜன்னல் பக்கம்தான் வேண்டும் என்று சின்னப் பிள்ளை மாதிரி அடம் பிடிக்காதே, அன்றைக்கு ஒரு நாள் நடுவில் உட்கார்.

உன் அன்பு அப்பா,
வ. ராஜமாணிக்கம்