பதினோரு விநாடி

லீட்ஸ்
4 மார்ச் 1989

அன்புள்ள டெரிக்,

நலம்தானே? என் முட்டிவலி வழக்கம்போல. முப்பது ஆண்டு தொலைக்காட்சி நாடகங்கள் இயக்கியதற்காக உங்களுக்கு விருது என்று பேப்பரில் பார்த்து, பக்கத்து வீட்டு டோரீனிடம் பெருமையடித்துக்கொண்டேன். துறைமுகக் கூலிகளையும் வார்டு நர்சுகளையும் அத்தனை மரியாதையோடு காட்டியவர் உங்களைத் தவிர யார்?

விழாவில் 1959 நேரடி ஒளிபரப்பின் அந்தக் காட்சியைப் போடுவார்களாம். மூத்த மகன் சுரங்கத்தில் இறந்த செய்தி கேட்ட தாய், தேநீர்க் கெண்டியில் கைவைத்தபடி பதினோரு விநாடி அசையாமல் இருப்பாளே, அது. ஒரு முகத்தை அவ்வளவு நேரம் காட்டத் துணிந்தவர் என்று பேப்பர்களில் உங்களை எழுதினார்கள். அதை வைத்துத்தான் லண்டன் உங்களை வேலைக்குக் கூப்பிட்டது.

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். வாசலில் நிற்கும் இளைய மகனைக் காட்டும் கேமராவுக்கு மாற்றச் சொல்லி நீங்கள் விரலைச் சொடுக்கினீர்கள். கேமரா மாற்றும் பலகையில் உங்கள் பக்கத்தில் உட்கார்ந்திருந்த நான்தான் பொத்தானை அழுத்தவில்லை. அவள் முகத்தை விட்டுப் போக மனம் வரவில்லை. நீங்கள் கவனிக்கவில்லை என்று நினைத்து, வேலை போய்விடும் பயத்தில் வாயை மூடிக்கொண்டேன். மன்னியுங்கள்.

வின்னி

லண்டன்
7 மார்ச்

அன்பு வின்னி,

கவனிக்காமலா? மூன்று முறை சொடுக்கினேன். "ஏய் வின்னி, தூங்கிட்டியா?" என்று கத்த வாயைத் திறந்தவன், திரையைப் பார்த்ததும் மூடிக்கொண்டேன். முடிந்ததும் மேலாளர் ஓடிவந்து, "பிரமாதம்யா, யார் யோசனை இது?" என்றார். "என்னோடதுதான்" என்றேன். அந்தப் பொய்யில்தான் என் பெயர் நிற்கிறது. மன்னிப்புக் கேட்க வேண்டியவன் நான்.

டெரிக்

லீட்ஸ்
9 மார்ச்

டெரிக்,

பொய் கிடக்கட்டும். அதன்பிறகு ஒவ்வொரு நாடகத்துக்கும் "வின்னி இல்லாட்டி நானும் இல்ல" என்று அடம்பிடித்து என்னை லண்டனுக்கும் கேட்டு வாங்கினீர்களே. என் கைவேலைக்காக என்று இத்தனை வருஷம் தலைநிமிர்ந்து நடந்தேன். என் வாயை அடைக்கத்தானா? அதை மட்டும் சொல்லுங்கள்.

வினிஃப்ரெட் ஆக்ராய்ட்

லண்டன்
18 மார்ச்

வின்னி,

விழா முடிந்த பிறகு எழுதலாம் என்றிருந்தேன். நேற்று அந்தக் காட்சியைப் போட்டார்கள். கைதட்டல் அடங்கியதும், "அங்க நான் சொடுக்கினது தப்பு. வினிஃப்ரெட் ஆக்ராய்ட் அழுத்தாம இருந்தாங்களே, அதுதான் சரி" என்றேன். பிறகு பின்வரிசையில், உன்னோடு பொத்தான் அழுத்திய பெண்கள் நாலைந்து பேர் எழுந்து நின்று தட்டினார்கள்.

உன் கேள்விக்கு வருகிறேன். அன்றிலிருந்து, சொடுக்குவதற்கு முன் உன் கையைத்தான் பார்ப்பேன். விரல் பொத்தான் பக்கம் போகவில்லை என்றால் காட்சி இன்னும் முடியவில்லை என்று காத்திருப்பேன். அதைத்தான் பேப்பர்காரர்கள் என் பாணி என்று எழுதினார்கள்.

விருதைப் பார்சலில் அனுப்பியிருக்கிறேன். நல்ல கனம். டோரீனைத் தூக்கச் சொல், உன் முட்டிக்கு ஆகாது.

டெரிக்