இரவல் வாங்கிய அவமானம்

அமெரிக்கச் சாக்லேட் டப்பா ஒன்று பிரிக்காமல் மேசையில் கிடக்கிறது. எறும்பு ஏறிவிட்டது. ஏறட்டும். அனுப்பியவள் யார் தெரியுமா? நம்மோடு காலேஜில் படித்த மணமேல்குடிக்காரி, அரிசி மில்காரர் மகள். அவள் மகனுக்கு அங்கே ஒரு பெரிய பல்கலைக்கழகத்தில் இடம் கிடைத்துவிட்டது. விண்ணப்பத்தோடு வைக்கும் கட்டுரையை எழுதிக் கொடுத்தது நான்.

நீ போன பிறகு நான் பிடித்த தொழில் இது. கீரனூரில் வீட்டிலிருந்தபடியே, வெளிநாட்டுக்கு விண்ணப்பிக்கும் பிள்ளைகளின் கட்டுரைகளைத் திருத்துகிறேன். திருத்துவது என்பது மரியாதைக்குச் சொல்வது. பாதி நானே எழுதுவதுதான். மாணவரின் இனத்தைப் பார்த்து இடம் கொடுக்கக் கூடாதென்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் சொன்ன பிறகு தொழில் சூடு பிடித்துவிட்டது. இனத்தைப் பார்க்க மாட்டார்கள். ஆனால் பிள்ளை தான் பட்ட பாட்டைக் கட்டுரையில் எழுதினால் படிப்பார்கள். கறுப்பினப் பிள்ளைகளுக்கு மிச்சமிருந்த சந்து அது. அதிலும் ஒரு பாடும் படாதவர்கள் முண்டியடித்து நுழைகிறார்கள்.

மணமேல்குடிக்காரி போனில் கூச்சமே இல்லாமல் சொன்னாள்: "இவனுக்குக் கஷ்டமே இல்லையேடி, என்னத்த எழுதுறது? நம்ம கிளாஸ்ல ஸ்காலர்ஷிப் பிள்ளைகள எழுப்பி நிப்பாட்டுவாங்கள்ல, அதப் போடு. நான் நின்னதா எழுதிரு. அம்மா பட்ட கஷ்டம்னு இருக்கட்டும்."

அவளா நின்றாள்? நீ நின்றாய். கிளார்க் பட்டியலோடு வந்து, "எஸ்.சி. ஸ்காலர்ஷிப் பிள்ளைகள்லாம் எந்திரிங்க" என்பார். கையெழுத்து வாங்கி முடிக்கும்வரை நிற்க வேண்டும். மில்காரர் மகள் வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பாள். நான் உன் பக்கத்தில் உட்கார்ந்து நோட்டைப் புரட்டுவேன். ஒருநாள் கீரனூர் பஸ்ஸில் சொன்னாய்: "கால் நடுங்குதுடி. கட்டைவிரலத் தரையில ஊண்டிக்கிட்டுத்தான் நிக்கிறேன். யாருகிட்டயும் சொல்லிராத."

முடியாது என்று அவளிடம் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. அவள் கேட்டதை மட்டும் எழுதியபோது கட்டுரை சப்பென்று இருந்தது. பாழாய்ப்போன தொழில் புத்தி! உன் கட்டைவிரலை எடுத்து அவள் காலில் ஒட்டினேன்.

சேர்க்கைக் கடிதத்தின் அடியில் யாரோ கையால் எழுதியிருந்தார்களாம், உன் அம்மாவின் கால்விரலை எங்களால் மறக்க முடியவில்லை என்று. அதைப் படித்துக் காட்டி அவள் சிரித்தாள். "அது எப்படிடி ஒனக்குத் தோணுச்சு?"

உன் பெயரைச் சொன்னேன்.

"அவதான் போய்ச் சேந்துட்டாளே, இனிமே யாரு கேக்கப் போறா?"

போனை வைத்துவிட்டேன். அருவருப்பு அவள்மேல் மட்டும் இல்லை. நீ என்னை நம்பிக் கொடுத்தது அந்த ஒன்றுதான். அதற்குக் கூலியாகச் சாக்லேட் வந்திருக்கிறது. நீ இருந்திருந்தால், "சரி விடுடி" என்று மன்னித்துத் தொலைத்திருப்பாய். அதை நினைத்தால் இன்னும் அருவருப்பாக இருக்கிறது.

இன்று காலை பல்கலைக்கழகத்துக்கு எழுதி அனுப்பிவிட்டேன். அந்த அம்மா ஒருநாளும் நிற்கவில்லை, கட்டுரையை எழுதியவள் நான் என்று மட்டும். இனி இந்தத் தொழில் ஓடாது, போகட்டும். நின்றது யார் என்று கேட்டால் சொல்ல மாட்டேன். பக்கத்தில் உட்கார்ந்திருந்தது யார் என்று கேட்டால் சொல்வேன்.