என் கட்டிலில் பகலில் படுப்பவள்

சுங்குவார்சத்திரம்,
ஏப்ரல் 20.

அன்புத் தங்கை சுகப்பிரியாவுக்கு அக்கா மாடத்தி எழுதுவது. நான் நலம். ஹைதராபாத் சாப்பாடு இப்போதாவது உனக்கு ஒத்துக்கொள்கிறதா? அம்மாவுக்குக் கால்வலி பரவாயில்லை. போன் இருக்கும்போது கடிதம் எதற்கு என்று சிரிக்காதே. இரண்டு முறை போனை எடுத்தேன், கூப்பிடாமலே வைத்துவிட்டேன்.

வரலாறு கொஞ்சம், சமூகவியல் கொஞ்சம், இலக்கியம் கொஞ்சம் என்று எல்லாவற்றையும் கலந்து பண்பாடு படிக்கிறாய். மார்ச்சில் எங்கள் கம்பெனி ஹாஸ்டலுக்கு வந்து, யார் எப்போது குளிக்கிறோம், யார் துணி எந்தக் கொடியில் காய்கிறது என்று நீ எழுதிக்கொண்டபோது, இதெல்லாமா பண்பாடு என்று உன்னைக் கேலி செய்தோம். நீ அனுப்பிய ஆய்வேட்டு அத்தியாயத்தை நேற்றுப் படித்தேன். நன்றாகத்தான் எழுதியிருக்கிறாய். பகல் ஷிப்டுக்காரி எழுந்து போனதும், நைட் ஷிப்ட் முடித்து வந்தவள் அதே கட்டிலில் படுக்கிறாள். தலையணை ஒன்றுதான், ஆனால் முகம் பார்ப்பது வாசலில் ஒரு நிமிடம்.

மார்ச் 14, காலை பதினொரு மணிக்கு என் கட்டிலில் உட்கார்ந்து, என்னோடு அதைப் பகிர்ந்துகொண்ட நைட் ஷிப்ட் கங்கா பேசியதாக அதில் நான்கு பக்கம் இருக்கிறது.

சுகப்பிரியா, கங்கா ஜனவரியிலேயே இறந்துவிட்டாள். நைட் ஷிப்டில் கம்பெனி லைனில் வேலை செய்துகொண்டிருக்கும்போதே மயங்கி விழுந்தாள். ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியில் உயிர் போய்விட்டது. நீ பயப்படுவாய் என்று உன்னிடம் சொல்லவில்லை. அதன்பிறகு என் கட்டிலில் பகலில் யாரையும் போடவில்லை.

வேறு யாரோ விளையாட்டுக்கு அவள் பெயரைச் சொல்லியிருப்பாள் என்றுதான் முதலில் நினைத்தேன். ஆனால், "காலையில வந்து படுத்தா மாடத்தியக்கா சூடு மெத்தையில இருக்கும், அதுலதான் எனக்கு ஒறக்கம் வரும்" என்று அவள் சொன்னதாக எழுதியிருக்கிறாய். இதை அவள் ஒருநாள் வாசலில் என்னிடம் மட்டும் சொன்னாள். நான் யாரிடமும் சொன்னதில்லை. இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். ஜனவரியிலிருந்து, சாயங்காலம் நான் வந்து படுக்கும்போது மெத்தை சூடாக இருக்கிறது. ஷீட் கூரையின் சூடு என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். மழை பெய்த நாளிலும் இருந்தது. பயமாகத்தான் இருக்கிறது. ஆனாலும் வேறு கட்டில் கேட்க மனம் வரவில்லை.

போன வாரம் அவள் அப்பா அய்யாத்துரை ஊரிலிருந்து வந்தார். எங்களை வேலைக்கு எடுத்த ஒப்பந்தக்காரர் நரசிம்மன், "அந்தப் பேர்ல இங்க யாருமே வேலை செய்யல பெரியவரே, சும்மா நின்னுக்கினு இருக்காத" என்று அனுப்பிவிட்டாராம். அவர் எங்கள் ஹாஸ்டல் வாசலுக்கு வந்து, "எம்மவ இங்க வேலை பாத்தான்னு ஒரு தாள்ல எழுதிக் குடுங்கம்மா, அது போதும்" என்று கேட்டார். எல்லோரும் தலையைக் குனிந்துகொண்டோம். நானும்தான். வேலை போய்விடுமே என்ற பயம். நினைத்தால் வெட்கமாக இருக்கிறது.

பேசியவர்களின் பெயர்களை மாற்றும்படி உன் பேராசிரியர் சொன்னதாகவும், கங்காவைப் 'பெண் 4' என்று போடப்போவதாகவும் எழுதியிருக்கிறாய். எங்கள் நல்லதுக்குத்தான். என் பெயரை மாற்று, என் ஊரையும் மாற்று. அவள் பெயரைத் தொடாதே. பேசியவர்களிடம் பெயரும் வேலை செய்யும் இடமும் எழுதிக் கையெழுத்து வாங்கினாயே, அதில் அவளுடைய தாளை அவள் அப்பாவுக்கு அனுப்பு. தேதியைப் பார்த்துவிட்டு அவர் கேட்டால் நான் பதில் சொல்லிக்கொள்கிறேன்.

நீ நல்லபடியாகப் பட்டம் வாங்கு. உனக்கு ஒரு குறையும் வராது. இங்கே நாங்கள் இத்தனை பேர் வாயை மூடிக்கொண்டதால்தான் அவளே வந்து பேசியிருக்கிறாள். அவளைப் பெண் 4 ஆக்கிவிடாதே, தாயி.

உன் அக்கா,
மாடத்தி